புல்லுருவியை வெட்டுமுன்



உழைக்காமல் பிறர் உழைப்பில் வாழ்பவனைப் ‘புல்லுருவி’ என்று ஏசுகிறோம். அப்பெயருக்கு உரிய செடியைக் காண விரும்புவோர், திருவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்திலுள்ள செண்பகத்தோப்புப் பக்கம் செல்லும்போது, வயது முதிர்ந்த மாமரங்களை அண்ணாந்து நோக்கட்டும். மாவிலைகளுக்கு நடுவே, மாவிலை அல்லாத ஒரு தழைக்கொத்து நீண்ட குழல் போன்ற பூக்களோடு தொங்கும். அதுவே புல்லுருவி.

அதன் வேர் மண்ணைத் தொடுவதில்லை. கிளைக்குள் இறங்கி, மரத்தின் நீரையும் உப்புச் சத்தையும் உறிஞ்சுகிறது. பச்சை இலை இருப்பதால் மாவுச்சத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறது. ஆதலால் அதனை ‘அரை ஒட்டுண்ணி’ என்பர். ஆயினும், அது பற்றிய இடத்திற்கு அப்பால் கிளை மெலிந்து காய்கிறது; காய்ப்பும் குறைகிறது. சில மாமரங்களை நம்பி வாழும் குடும்பத்திற்கு இது சிறிய இழப்பன்று.

மண்ணைத் தொடாத செடி மரத்தின் உச்சிக்கு எவ்வாறு ஏறியது? பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1930களின் தொடக்கத்தில் கொங்கணப் பகுதியில் இதனை ஆராய்ந்து எழுதினார். தேன்சிட்டு அதன் பூக்களில் மகரந்தம் சேர்க்கிறது. பூக்கொத்தி என்னும் சின்னஞ்சிறு குருவி அதன் பழத்தை உண்கிறது. விதையைச் சுற்றியுள்ள பசை எளிதில் விடாததால், குருவி அதனைக் கிளையில் தேய்த்து ஒட்டிவிட்டுப் பறக்கிறது. ஒட்டிய இடத்தில் விதை முளைக்கிறது.

அப்படியானால் புல்லுருவியைக் கண்ட இடமெல்லாம் ஒழித்துவிடலாமா? ஆஸ்திரேலியாவில் டேவிட் வாட்சன் என்னும் ஆய்வாளர் குழுவினர் சில காட்டுத் துண்டுகளில் அவ்வாறே செய்து பார்த்தனர். மூன்றாண்டுகளில் அங்கே பறவையினங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன என்று 2012இல் அறிவித்தனர். குறைந்தவற்றுள் பல புல்லுருவிப் பழத்தை உண்பவை அல்ல. தரையில் பூச்சி தேடுபவை. புல்லுருவியின் சத்து மிக்க இலைச் சருகு உதிர்வது நின்றதும், அதனால் பெருகிய பூச்சிகளும் குறைந்தன போலும்.

காட்டின் கதையே கடலுக்கும். அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியில் 1880 முதல் 2019 வரை பிடித்து, அருங்காட்சியகங்களில் பாதுகாத்து வைத்த மீன்களை அறுத்து ஆராய்ந்தனர். முடிவு 2023இல் வெளிவந்தது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட உயிரினங்களை ஒன்றன்பின் ஒன்றாக அண்டி வாழும் ஒட்டுண்ணிகள், நீரின் வெப்பம் ஒரு பாகை உயர 38 விழுக்காடு வீதம் குறைந்திருந்தன. பல உயிர்களை நம்பியிருப்பது, ஒரு கண்ணி அறுந்தாலும் அழிகிறது. மீனில் புழு இருப்பதும் கடலின் சங்கிலி அறாமல் இருப்பதற்கு ஒரு சான்றாகலாம் அன்றோ!

மனிதரை வாட்டும் நோய்ப்புழுக்களை ஒழிப்பதில் இரு கருத்தில்லை. நரம்புச் சிலந்தி நோய் இந்தியாவில் ஒழிந்தது என 2000ஆம் ஆண்டில் சான்றளிக்கப்பட்டது நமக்கெல்லாம் மகிழ்ச்சியே. தோப்பிலும் அவ்வாறே. பழம் முதிருமுன், புல்லுருவி பற்றிய இடத்திற்குச் சற்றுக் கீழே கிளையோடு வெட்டுங்கள். தழையை மட்டும் பறித்தால் உள்ளிருக்கும் வேர் மீண்டும் துளிர்க்கும்.

ஆனால், வேலிக்கு அப்பால் உள்ள காட்டின் நிலை வேறு. சாம்பல் நிற அணிலுக்கென 1988இல் சரணாலயமாகி, 2021 முதல் புலிகள் காப்பகத்தில் அடங்கிய அவ்விடத்தில் புல்லுருவிக்கும் வேலையுண்டு. தேன்சிட்டுக்கு அது தேன், பூக்கொத்திக்குப் பழம், மஞ்சளும் சிவப்பும் தீட்டிய ஒரு வண்ணத்துப்பூச்சியின் குஞ்சுப் புழுவுக்குத் தாய்வீடு. நமக்குத் தீங்கு செய்வது வேறு. உலகிற்கே வேண்டாதது வேறு. அரிவாளைக் கையில் எடுக்குமுன், நாம் நிற்பது தோப்பிலா, காட்டிலா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.