அண்ணாச்சி கடை பாக்கி நோட்டும் நம்ம ப்ராஜெக்டும்

ஒரு உண்மையை ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கிறேன். போன வருஷம் நான் சமர்ப்பிச்ச ப்ராஜெக்டுல 100 வாடிக்கையாளர்கள்கிட்ட கருத்துக் கேட்டதா எழுதியிருந்தேன். கேட்டது 14 பேர்கிட்ட. மிச்சம் 86 பேரும் ஹாஸ்டல் ரூம்ல நானும் ரெண்டு நண்பர்களும் சேர்ந்து, பேனா நிறம் மாத்தி மாத்தி டிக் அடிச்சவங்க. ஜெராக்ஸ் கடையில தங்க எழுத்துல பைண்டிங் பண்ணிக் குடுத்தேன், நல்ல மார்க். என் வகுப்புல யாராவது "சேச்சே, நான் அப்படி இல்லப்பா"ன்னு சொன்னா, அவங்க காலைத் தொட்டுக் கும்பிடத் தயார்!

சரி, விஷயத்துக்கு வருவோம். மாணவன் தன் படிப்பைத் தானே கையில எடுத்துக்கணும், டெக்னாலஜி அதுக்கு உதவும்னு ஒவ்வொரு கருத்தரங்கத்திலயும் சொல்றாங்க. இதுக்கு எல்லாரும் காட்டுற உதாரணம் சுகதா மித்ரா. 1999ல டெல்லி கல்காஜியில, தன் அலுவலகச் சுவத்துல ஓட்டை போட்டு ஒரு கம்ப்யூட்டரை வெச்சார். பக்கத்துக் குடிசைப் பசங்க யாரும் சொல்லித் தராமலே அதை இயக்கக் கத்துக்கிட்டாங்க. 2013ல அவருக்கு டெட் பரிசு, 10 லட்சம் டாலர்.

ஆனா எனக்குப் பிடிச்சது அந்தச் சுவர் இல்லை. நம்ம புதுச்சேரி பக்கம் காளிக்குப்பத்துல அவர் செஞ்ச சோதனை. தமிழ் பேசுற பசங்க முன்னாடி இங்கிலீஷ்ல இருக்கிற உயிரித் தொழில்நுட்பப் பாடத்தை வெச்சுட்டுப் போயிட்டார். பூஜ்யத்துல இருந்து சுமார் 30 சதவீதம் வரைக்கும் தாங்களே ஏறிட்டாங்க. அதுக்கு மேல ஏத்தினது யாருன்னு நினைக்கிறீங்க? அந்தப் பாடத்துல ஒண்ணுமே தெரியாத, கணக்கு வேலை பார்த்துட்டிருந்த ஒரு பொண்ணு. (ஆமா, நம்ம இனம்!) பின்னாடி நின்னு, ஒரு பாட்டி மாதிரி "அட, இது எப்படி வந்துச்சு? அடுத்து என்ன?"ன்னு கேட்டுட்டே இருந்தாங்க. மார்க் 50ஐத் தொட்டுச்சு.

இன்னொரு பக்கமும் இருக்கு. சுவத்துல வெச்ச கம்ப்யூட்டர்கள் சில ஊர்கள்ல கேட்பாரில்லாமப் போனதை பயல் அரோரா நேர்ல போய்ப் பார்த்து 2010ல எழுதினாங்க. மெஷினை வெச்சுட்டா போதும்கிறது பாதி உண்மைதான். பின்னாடி கேக்குறதுக்கு ஒரு ஆள் வேணும்.

எனக்கு அந்த ஆளா கிடைச்சவர் எங்க தெரு மளிகைக்கடை அண்ணாச்சி. "தம்பி, நீ பி.காம் தானே? வியாபாரம் நல்லாத்தான் போவுது, கையில காசு நிக்க மாட்டேங்குதே, ஏன்?" அவ்வளவுதான் கேட்டார். பதில் தெரியலை. ரெண்டு வருஷமா பேலன்ஸ் ஷீட் போட்ட எனக்குத் தெரியலை!

அவரோட பாக்கி நோட்டை வாங்கி, ராத்திரி ராத்திரி செல்போன்லயே கூகுள் ஷீட்ல ஏத்தினேன். எத்தனை நாள் பாக்கின்னு பார்க்க, இன்னிக்குத் தேதியில இருந்து நோட்டுத் தேதியைக் கழிச்சா போதும்னு ஒரு வீடியோவுல கத்துக்கிட்டேன். போட்டா, பாதிப் பேருக்கு மைனஸ்ல வருது. அதாவது இனிமே வாங்கப்போற அரிசிக்கு இப்பவே கடன்! ரெண்டு நாள் மண்டை காஞ்சதுக்கப்புறம்தான் புரிஞ்சுது. ஷீட் அமெரிக்க முறையில இருந்திருக்கு. அண்ணாச்சி 12/3ன்னு எழுதின மார்ச் 12ஐ அது டிசம்பர் 3ன்னு எடுத்திருக்கு. 25/3ஐத் தேதியாவே மதிக்கலை. செட்டிங்ஸ்ல இந்தியான்னு மாத்திட்டு, தேதிகளைத் திரும்ப ஏத்தினதும் எல்லாம் சரியாச்சு. இது எந்தப் பாடத்திட்டத்திலயும் கிடையாது, ஆனா சாகுற வரைக்கும் மறக்காது.

மொத்தப் பாக்கி 1,84,000 ரூபாய். அதுல பாதிக்கு மேல வெறும் 11 வீடுகள். ஏஜென்சிக்காரருக்கு அண்ணாச்சி 7 நாள்ல பணம் கட்டணும், இவர் குடுக்கிற கடன் திரும்ப ஒன்றரை மாசம் ஆகுது. நடுவுல கல்லாவுல இருந்து பொண்ணோட ஸ்கூல் ஃபீஸ், கல்யாண மொய். முதலாளி வேறு, வியாபாரம் வேறுன்னு 11ஆம் வகுப்புல மனப்பாடம் பண்ணினது அன்னிக்குத்தான் எனக்கு அர்த்தமாச்சு.

பெருமையா லிஸ்ட்டை நீட்டி, "முதல் பேரு இருக்கே, இவங்களுக்கு இனிமே கடன் குடுக்காதீங்க"ன்னேன். அண்ணாச்சி சிரிக்கக்கூட இல்லை. "அந்த வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கெடக்காரு தம்பி. 12 வருஷப் பழக்கம், ஒரு தடவை ஏமாத்துனது கெடையாது." நான் வராக்கடன்னு குறிச்சதை அவர் வெறும் தாமதம்னு பார்த்தார். யார் சரின்னு எனக்கு இன்னும் தெரியலை. கடைசியில, சாமான் வாங்க வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் பழைய பாக்கியைச் சத்தமில்லாம ஒரு சீட்டுல எழுதிக் குடுக்கலாம்னு முடிவு பண்ணினோம். ரெண்டு மாசத்துல 1,52,000க்கு இறங்கியிருக்கு. பெரிய சாதனை இல்லைதான், ஆனா இதுல ஒரு ரூபா கூட நான் டிக் அடிச்சது இல்லை.

அதனால நான் கேக்குறது ஒண்ணுதான். அந்த 100 பேர் கருத்துக்கணிப்பைத் தூக்கிப் போட்டுட்டு, ஆளுக்கு ஒரு கடையோ பட்டறையோ டீக்கடையோ பிடிச்சு, அங்க உள்ளவங்களுக்கே விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. "கணக்கு நோட்டை எவன் குடுப்பான்?"னு கேப்பீங்க. நியாயம். பேர்களை மறைச்சு எழுதட்டும், கடைக்காரர் படிச்சுப் பார்த்து சரின்னா மட்டும் காலேஜுக்கு வரட்டும். "எல்லாருக்கும் ஒரே அளவுகோல்ல மார்க் போட முடியாதே"ன்னு ஒரு சார் சொன்னார். இப்ப ஒரே அளவுகோல்ல எதுக்கு மார்க் போடுறாங்கங்கிறதைத்தான் முதல் பத்தியிலயே சொல்லிட்டேனே.

நேத்து சாயங்காலம் அண்ணாச்சி மறுபடியும் கூப்பிட்டார். "கோடைக்கு ஒரு பெரிய ஃப்ரீசர் வாங்கலாம்னு பாக்கேன், போட்ட காசு எப்ப திரும்பும்னு உன் போன்ல போட்டுப் பாரு தம்பி." பரீட்சைக்கு சாய்ஸ்ல விட்ட அஞ்சாவது யூனிட் அது. புஸ்தகத்தை எங்க வெச்சேன்னு இப்ப தேடிட்டிருக்கேன்.