மூடியை மூடிவிட்டுக் கேளுங்கள்

ரெக்கோட் ஓடும்போது டேர்ன்டேபிளின் பிளாஸ்டிக் மூடியைத் திறந்துதான் வைக்கவேண்டும், முடிந்தால் கழற்றியே வைக்கவேண்டும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், பதிலுக்கு ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கட வீட்டில குசினி எத்தினை கதவு தள்ளி இருக்கு?"

அந்தச் சட்டத்தைச் சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் பாட்டுக் கேட்பதற்கென்றே ஓர் அறை இருக்கும். அங்கே ஒருவரும் மிளகாய் வறுப்பதில்லை, மீன் பொரிப்பதில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் சாம்பிராணி பிடிப்பதில்லை. சித்தியின் இரண்டு வயது மகன் மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்பதுமில்லை. லாச்சப்பலில் எங்கள் வீடுகளில் இவை எல்லாம் ஒரே அறையில், சில நாட்களில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. வெளியே பார்த்தால், ஒரு பக்கம் கார் து நோர் தண்டவாளம், மறுபக்கம் கார் து லெஸ்ற் தண்டவாளம், நடுவில் பாலத்தின்மேல் ஓடும் 2ஆம் இலக்க மெட்ரோ. காலையில் துடைத்த யன்னல் விளிம்பை இரவில் விரலால் தொட்டுப் பாருங்கள். அந்தக் கறுப்புத்தான் உங்கள் ரெக்கோட்டிலும் விழுகிறது.

என் கட்சி இதுதான்: எங்கள் வீடுகளில், எங்கள் ரெக்கோட்டுகளுக்கு, மூடி மூடியே இருக்கவேண்டும். பாட்டு ஓடும்போதும்.

எதிர்க்கட்சியின் வாதம் முட்டாள்தனமானது அல்ல. மூடி என்பது ஒரு மெல்லிய அக்ரிலிக் பெட்டி. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி அதில் பட்டால், மத்தளத் தோல் மாதிரி அது அதிரும். அந்த அதிர்வு கீல் வழியாகக் கருவியின் உடம்புக்கு இறங்கி, ஊசிவரை போகலாம். ஊசிக்கு, தட்டின் பள்ளத்திலிருந்து வரும் அதிர்வு எது, வெளியிலிருந்து வரும் அதிர்வு எது என்று தெரியாது. இரண்டையும் ஒலியாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஸ்பீக்கர் திரும்பவும் மூடியை அதிரவைக்கும். பேஸ் ஒலி கலங்கிப்போகும்.

எல்லாம் சரி. ஆனால் மூடியை அதிரவைத்தது யார்? ஸ்பீக்கர். அது எங்கே இருக்கிறது? பத்து வீட்டில் எட்டு வீட்டில், டேர்ன்டேபிள் இருக்கும் அதே மேசையில். ஸ்பீக்கரை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், பிரச்சினையின் பெரும்பகுதி போய்விடும். பரிஸின் பழைய கட்டடங்களின் பலகைத் தரையில் ஒருவர் நடந்தாலே ஊசி துள்ளும். அதற்கும் மூடிக்கும் சம்பந்தம் இல்லை. சுவரில் ஒரு தட்டு அடித்து அதன்மேல் கருவியை வையுங்கள். மேசையையும் தரையையும் விட்டுவிட்டு மூடியில் பழி போடுவது, மழைக்கு ஒழுகும் கூரையை விட்டுவிட்டு வாளியை ஏசுவது போன்றது.

இன்னொன்றும் உண்டு. மூடியைத் திறந்து நிமிர்த்தி வைத்துவிட்டு, நல்ல ஒலிக்காகச் செய்தேன் என்று சொல்பவர்கள், கப்பல் பாய் மாதிரி ஒரு பலகையை ஸ்பீக்கருக்கு முன்னால் விரித்து வைத்திருக்கிறார்கள். அது மூடிய மூடியைவிடக் கூடுதலாகவே ஒலியைப் பிடிக்கக்கூடும். அவர்களுடைய வாதத்தின்படியே பார்த்தாலும் முழுதாகக் கழற்றவேண்டும். பாதி வழியில் நிற்பதில் பயன் இல்லை.

என் வார்த்தையை நம்பவேண்டாம், நீங்களே சோதியுங்கள். தட்டைச் சுழலவிடாமல் நிறுத்தி, ஊசியை மெல்ல அதன்மேல் இறக்கி, வழமையாகக் கேட்கும் அளவுக்குச் சத்தத்தை வையுங்கள். மூடிய மூடியை விரல் நுனியால் மெதுவாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் பெரிய 'டும்' கேட்டால் உங்கள் கருவியில் அந்தச் சிக்கல் உண்டு. பிறகு மேசையையும் தட்டுங்கள், தரையில் ஒரு காலடியும் வையுங்கள். எது கூடுதலாகக் கேட்கிறது என்று பாருங்கள். அடுத்ததாக, ஒரே பாட்டை மூடி திறந்து ஒரு முறை, மூடி ஒரு முறை கணினியில் பதிவு செய்து, எது எது என்று சொல்லாமல் ஒரு நண்பரிடம் போட்டுக் காட்டுங்கள். அவர் பத்துக்குப் பத்து சரியாகச் சொன்னால் நான் வாயை மூடுகிறேன்.

இப்போது தூசிக்கு வருவோம். ஒரு எல்.பி. தட்டின் பள்ளம் ஏறக்குறைய 0.05 மில்லிமீற்றர் அகலம், எங்கள் தலைமுடியைவிட மெல்லியது. ஊசியின் பாரம் சுமார் 2 கிராம்தான். ஆனால் அந்தப் பாரம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியில் இறங்குகிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம் என்று கணக்கிட்டால், ஊசி 400 மீற்றருக்கு மேல் நடக்கிறது. வழியில் கிடக்கும் மணல் துகளை அது தள்ளிக்கொண்டு போகும், அல்லது பள்ளத்தின் சுவரில் அரைத்துவிடும். வினைல் தட்டு நிலைமின்னேற்றம் பெற்றுத் தூசியைத் தானே இழுக்கும். பொரியலின் எண்ணெய்ப் புகையும் சேர்ந்தால் தூசி ஒட்டிக்கொள்ளும்.

"20 நிமிடத்தில் எவ்வளவு தூசி விழப்போகிறது? பிறகு கழுவலாமே" என்பார்கள். தூசியைக் கழுவலாம், கீறலைக் கழுவமுடியாது. ஊசி ஓடிக்கொண்டிருக்கும் அந்த 20 நிமிடத்தில் விழும் துகள்தான் கழுவுவதற்கு முன்பே அரைபடுகிறது. சின்னக் கை வந்து ஊசித் தண்டை இழுப்பதும் அந்த 20 நிமிடத்தில்தான்.

இனி, யாருடைய ரெக்கோட் என்ற கேள்வி. சேர்ஜ் கான்ஸ்பூரின் 1971ஆம் ஆண்டு எல்.பி. 'இஸ்துவார் து மெலோடி நெல்சன்' கீறுப்பட்டால் கவலை இல்லை. பல தடவை மறுபதிப்பு வந்த தட்டு, கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கலாம். எங்கள் மாமாமார் வைத்திருக்கும் தட்டுகள் அப்படியல்ல. கல்கத்தாவின் டம்டம் தொழிற்சாலையில் எச்.எம்.வி. அடித்த நாலு பாட்டுச் சின்னத் தட்டுகள், எக்கோ கம்பனியின் இளையராஜா எல்.பி.கள், 'சுராங்கனி' பாடிய சிலோன் மனோகர். இவற்றில் பெரும்பாலானவை திரும்ப அச்சாகவில்லை. 80களில் இங்கே வந்தவர்கள் ஒரு பையோடு வந்தவர்கள். அந்தப் பையில் ரெக்கோட்டுக்கு இடமிருக்கவில்லை. பிறகு கசெற் வந்தது. ஆகவே இங்கே ஒரு வீட்டில் தமிழ் ரெக்கோட் பத்து இருந்தால், அது யாரோ ஒருவர் ஊரிலிருந்தோ சென்னையிலிருந்தோ கைப்பையில் காவிக்கொண்டு வந்த பத்து. ஒன்று போனால் ஒன்பதுதான்.

மூடியில்லாத கருவிதான் 'ஸ்டைல்' என்ற எண்ணம் டீஜேக்களைப் பார்த்து வந்தது. 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 மேசைகளில் அவர்கள் மூடியைக் கழற்றுவது, தட்டின்மேல் கை வைத்து வேலை செய்ய வேண்டியிருப்பதால். அது தொழில் வசதி. வீட்டில் சோபாவில் இருந்து கேட்பவருக்கு அந்த வசதி எதற்கு?

செய்யவேண்டியது கொஞ்சம்தான். போடுமுன் கார்பன் நார்த் தூரிகையால் ஒரு தடவை துடையுங்கள். ஊசியை இறக்கியபின் மூடியை இரண்டு கையாலும் மெதுவாக இறக்குங்கள், விழவிடாதீர்கள். மூடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் மின்னேற்றம் கூடும், ஈரத்துணி போதும். மூடியின்மேல் தேத்தண்ணிக் கோப்பை வைக்கவே கூடாது.

திறந்து வைக்கச் சொல்பவர்களோடு எனக்குள்ள உண்மையான சண்டை ஒலியைப் பற்றியது அல்ல. அவர்கள் சொல்லும் சுத்தமான, அமைதியான அறை வரும்வரை காத்திருந்தால், எங்கள் வீடுகளில் ரெக்கோட் ஒருநாளும் ஓடாது. அது அலுமாரிக்கு மேல் இருக்கும், அல்லது சட்டம் போட்டுச் சுவரில் தொங்கும். மூடி இருந்தால் அம்மா கத்தரிக்காய் பொரிக்கும்போதே பாட்டைப் போடலாம். பாட்டுக்கு அவ கூடவே முணுமுணுப்பா, அந்தப் படத்தை எந்தத் தியேட்டரில் பார்த்தது என்று சொல்லுவா, நீங்கள் கேட்கலாம். பேஸில் ஒரு துளி குறைந்தால் குறையட்டும்.