நீர்மேல் நின்ற நகரம்

நகரம் என்பது நிலத்தின்மேல் நிற்பது என்பதே உலகோர் எண்ணம். அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கி, நீரின்மேல் நின்று புகழ் வளர்த்த நகரம் ஒன்று உண்டு. இத்தாலி நாட்டின் வடகிழக்கே, ஏட்ரியாடிக் கடலை அடுத்த காயலில் அமைந்த வெனிஸ் மாநகரே அது. 118 சிறு தீவுகளின் தொகுதி அந்நகரம் என்பர். அவற்றை இணைக்கும் பாலங்கள் 400க்கு மேற்பட்டவை. அங்கே பெருந்தெருவாவது கால்வாய்; வண்டியாவது ஓடம். காய்கறியும் ஓடத்தில் வரும். இறந்தாரைச் சுமந்து இடுகாட்டுத் தீவுக்குச் செல்வதும் ஓடமே.

இத்தகைய இடத்தை மக்கள் விரும்பித் தேர்ந்தனர் அல்லர். மேலை உரோமப் பேரரசு தளர்ந்து வீழ்ந்த 5, 6ஆம் நூற்றாண்டுகளில், வடக்கினின்றும் பகைவர் படை வெள்ளமெனப் புகுந்தது. ஊரிழந்த மக்கள் சேறும் நாணலும் சூழ்ந்த காயல் தீவுகளில் அடைக்கலம் புகுந்தனர். மீனும் உப்புமே அவர்களின் முதற்செல்வம். அவர்கள் சேற்றில் மரமுளைகளை நெருக்கமாக அடித்து, அவற்றின்மேல் கல்லைப் பரப்பி, மாளிகைகளை எழுப்பினர். சேற்றினுள் காற்றுப் புகாமையால் அம்முளைகள் எளிதில் உளுத்துப் போவதில்லை. பகைவர்க்கு அஞ்சி ஓடியவர் வழிவந்தோர் பின்னாளில் கடல் வாணிகத்தின் தலைவராயினர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக் கடற்கரைக்கு வந்து, முத்துக்குளிப்பையும் காயல் துறைமுகத்தையும் பற்றி எடுத்துரைத்த மார்க்கோ போலோ அந்நகரத்தார் மகனே.

வெனிசைச் சூழ்ந்த தீவுகள் ஒவ்வொன்றும் ஒரு பாடம் புகட்டும். உலைத் தீயால் நகரம் எரிந்துவிடக் கூடாதென்று, 1291ஆம் ஆண்டில் கண்ணாடி உலைகள் யாவும் முரானோத் தீவுக்கு மாற்றப்பட்டன. தீக்கு அஞ்சிச் செய்த அச்செயலால் முரானோ கண்ணாடிக் கலையின் தாயகமாயிற்று. புரானோவில் மீனவர் வீடுகள் பல வண்ணம் பூண்டு நிற்கும். அங்குள்ள மகளிர் ஊசியும் நூலும் கொண்டு செய்த பின்னல் வேலை மன்னர் அவைகளிலும் மதிக்கப்பெற்றது.

தோர்செல்லோத் தீவின் கதை வேறு. 639ஆம் ஆண்டில் அங்கே பெருங்கோயில் ஒன்று தோன்றியது. வெனிஸ் பெருநகராவதற்கு முன்னரே தோர்செல்லோ செழித்து விளங்கியது. ஆனால் ஆற்று வண்டல் அதன் நீர்வழிகளைத் தூர்த்தது; காய்ச்சல் பரவியது; மக்கள் வெளியேறினர். ஆளற்ற வீடுகளின் செங்கற்களும் வேற்றிடங்களுக்குப் பெயர்த்துச் செல்லப்பட்டன. இன்று அங்கே பெருங்கோயில் நிற்கிறது. குடிகளோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே.

இக்கதை வெனிசுக்கும் உரிய எச்சரிக்கையாகும். அந்நகருக்கு வந்துள்ள இடர்கள் இரண்டு. ஒன்று கடலால் வருவது. 1966ஆம் ஆண்டு நவம்பரில் நீர் 194 சென்டிமீட்டர் உயர்ந்து நகரை மூழ்கடித்தது. 2019ஆம் ஆண்டிலும் 187 சென்டிமீட்டர் உயர்ந்தது. இதனைத் தடுக்கக் காயலின் மூன்று வாயில்களிலும் 78 இரும்புக் கதவுகள் அமைக்கப்பட்டன. கடலடியில் நீர் நிரம்பிக் கிடக்கும் அவை, காற்றைச் செலுத்தியவுடன் மேலெழுந்து அலையைத் தடுக்கும். 2020ஆம் ஆண்டு அக்டோபரில் அவை முதன்முதலாக வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தின.

மற்றோர் இடரைத் தடுக்கக் கதவு இல்லை. 1951ஆம் ஆண்டில் பழைய நகரில் ஏறத்தாழ 1,75,000 மக்கள் வாழ்ந்தனர். 2022ஆம் ஆண்டில் அத்தொகை 50,000க்கும் கீழே இறங்கியது. குடியிருந்த வீடுகள் பல பயணிகளின் விடுதிகளாயின; வாடகை உயர்ந்தது; இளைஞர் கரையிலுள்ள ஊர்களுக்குப் பெயர்ந்தனர். காலையில் வந்து மாலையில் மீள்வோர் கூட்டமோ பெருகியது. 2024ஆம் ஆண்டில், ஒருநாள் பயணிகளிடம் சில நாள்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் பெறும் முறை தொடங்கப்பட்டது.

"வருவோர் மிகுந்தால் வருவாய் மிகும், இதில் தீங்கு யாது?" என வினவுவோர் உளர். அவர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. பழைய மாளிகைகளைப் பேணப் பொருள் வேண்டும். தொழிலாளர்க்கு ஊதியமும் வேண்டும். ஆயினும், ஓடம் கட்டும் தச்சனும், பள்ளிக்குச் செல்லும் சிறுவனும், அங்காடியில் மீன் வாங்கும் மூதாட்டியும் இல்லாத நகரம் காட்சிக்கூடமாகுமேயன்றி நகரமாகாது. காட்சிக்கூடத்திற்கும் கட்டணம் உண்டு, வாழ்வுதான் இல்லை. ஆதலால், குடிகள் தங்கி வாழ்வதற்குரிய வீடுகளைக் காப்பதே அந்நகரத்தார் முதற்கடமை. கதவுகளுக்குச் செலவிட்ட பொருளும் உழைப்பும் அப்பொழுதுதான் பயன் தரும்.

பயணிக்கும் கடமை உண்டு. ஒரு நாளில் பத்து இடங்களைக் கண்டேன் என்பது பெருமையன்று. சில நாள் தங்கி, கைவினைஞரின் பொருளை உரிய விலை கொடுத்து வாங்கி, தோர்செல்லோவின் அமைதியில் சிறிது நேரம் நின்று சிந்திப்பவனே பயணத்தின் பயனைப் பெற்றவன் ஆவான்.

விருந்து என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். புதியராய் வருவோரே விருந்தினர். ஆனால் வரவேற்க வீட்டார் இல்லாத வீட்டில் விருந்து ஏது? வெனிசைக் கடல் கொள்ளாமல் கதவுகள் காக்கலாம். அதன் விளக்குகள் அணையாமல் காப்பது அங்கே வாழும் மக்களும், அவர்களை மதித்துச் செல்லும் பயணிகளுமே ஆவர்.