குழாயின் கடைசி முனையில் சோதியுங்கள்

தாணே மாவட்டத்து ஷாகாபூர் தாலுக்காவின் பாட்சா, தான்சா அணைகளிலிருந்து மும்பைக்கு வரும் நீர், பாஞ்ரபூர், பாண்டுப் நிலையங்களில் சுத்திகரிக்கப்படுகிறது. அங்கிருந்து கிளம்பும்போது அது நல்ல தண்ணீர்தான். தாராவியின் ஒரு சந்துக்குள் வந்து குடத்தில் விழும்போதும் அப்படியே இருக்கிறதா என்பதே நம் கேள்வி.

நாளுக்குச் சில மணி நேரமே தண்ணீர் விடும் பகுதிகளில் மற்ற நேரமெல்லாம் குழாய் வெறுமையாகக் கிடக்கிறது. உள்ளே அழுத்தம் இல்லாதபோது மயிரிழை விரிசல் போதும், பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே இறங்கிவிடும். தாராவியிலோ வீட்டுக் குழாய்கள் பல இடங்களில் சாக்கடைக்குள்ளேயே கிடக்கின்றன. மோட்டார் வைத்து இழுத்தால் அழுக்கும் சேர்ந்து வருகிறது. அதற்காக அந்தக் குடும்பங்களைப் பழிக்க முடியாது. அழுத்தம் போதாமல்தானே மோட்டார் வாங்குகிறார்கள்!

மும்பை மாநகராட்சி தண்ணீர் மாதிரி எடுக்காமல் இல்லை. ஆனால் அசுத்த மாதிரிகளின் கணக்கு வார்டு வாரியாகத்தான் வெளிவருகிறது. ஜி-வடக்கு வார்டில் சிவாஜி பார்க்கும் இருக்கிறது, தாராவியும் இருக்கிறது. மாட்டுங்கா அடங்கிய எஃப்-வடக்கில் ஆன்டாப் ஹில் குடிசைகளும் உண்டு. இரண்டு வகை வாழ்க்கைக்கும் சேர்த்து ஒரே விகிதம் போட்டால், நோய் வரும் சந்து அந்த எண்ணுக்குள் மறைந்துபோகிறது. இணைப்பே இல்லாமல் அண்டை வீட்டில் காசு கொடுத்துத் தண்ணீர் பிடிப்பவர்களோ எந்தக் கணக்கிலும் வருவதில்லை. குடிநீர் வாழ்வுரிமையின் பகுதி, குடிசை எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதைக் காட்டி அதை மறுக்கக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2014 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

அலட்சியத்தின் விலையைப் பக்கத்துப் புனே கண்டது. 2025 ஜனவரியில் சிங்ககட் சாலைப் பகுதியில் தொடங்கிய கியான்-பாரே நரம்பு நோய் இருநூறுக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. நோயாளிகள் சிலரின் மலத்தில் கேம்பிலோபாக்டர் கிருமி இருந்தது. சந்தேகம் முதலில் விழுந்தது குடிநீர் மீதுதான்.

ஆகவே நாம் கேட்பது இது. மாதிரியை மக்கள் தண்ணீர் பிடிக்கும் கடைசிக் குழாயில், தண்ணீர் திறந்துவிட்ட முதல் நிமிடங்களில் எடுங்கள். குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று அங்கேயே, சில நிமிடங்களில், பார்த்துவிடலாம். கோலிஃபார்ம் சோதனைக்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். முடிவு வந்ததும் அந்தச் சந்தின் பொதுக் கழிப்பறைச் சுவரில் மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் ஒட்டுங்கள். அந்தக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, மலத்தொட்டி கசிகிறதா என்பதையும் அதே ஆய்வாளர் பார்க்க வேண்டும். 2020இல் கொரோனா புகுந்தபோது இதே மாநகராட்சிதான் தாராவியின் பொதுக் கழிப்பறைகளை நாள்தோறும் பலமுறை கிருமிநீக்கம் செய்தது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தாராவி மறுசீரமைப்புத் திட்டம்தான் வருகிறதே, இப்போது எதற்கு இதெல்லாம் என்ற பேச்சை ஏற்க முடியாது. கட்டடம் எழும்பும் வரை குழந்தைகள் தாகத்தை ஒத்திவைக்க மாட்டார்கள். தாணே மாநகராட்சியும் மும்ப்ரா, கல்வா பகுதிகளில் கடைசிக் குழாயில் சோதிக்கும் இதே முறையைப் பின்பற்ற வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. தண்ணீரில் நாற்றமோ கலங்கலோ தெரிந்தால், மும்பையில் இருப்பவர்கள் 1916ஐ அழையுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, உங்கள் குழாயிலேயே மாதிரி எடுக்கும்படி வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். தனியாகப் போகாமல் சந்து முழுவதும் சேர்ந்து போங்கள்.