தறி வீட்டுக்கு வரும் கல்லூரி

காஞ்சீபுரம் என்றால் இன்று பட்டு. பட்டுக்கும் முன்னே காஞ்சீபுரம் என்றால் படிப்பு.

பல்லவர் காலத்தில் இங்கே 'கடிகை' என்ற பெரிய கல்விச்சாலை இருந்தது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் மயூரசர்மன் என்ற இளைஞர் தம் குருவோடு அங்கே படிக்க வந்தார். கர்நாடகத்தில் உள்ள தாளகுந்தா கல்வெட்டு இதைச் சொல்கிறது. பின்னாளில் கதம்ப அரசை நிறுவியவர் அவர்தான்.

அன்று மாணவன் கல்வியைத் தேடி ஊர் விட்டு ஊர் வந்தான். இன்று கல்லூரிப் பாடம் கைப்பேசி வழியாக வீட்டுக்கே வருகிறது. இதை நம் பிள்ளைகள் எப்படிப் பயன்படுத்துவது? எங்கே உஷாராக இருப்பது?

வீட்டில் படித்த பெண்

மும்பையில் ஒரு தாய், தம் மகளை ஏழாம் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து நிறுத்தினார். வீட்டிலேயே படிக்க வைத்தார். கம்ப்யூட்டர் பாடத்துக்கான உலகப் போட்டியில் அந்தப் பெண் மூன்று பதக்கங்கள் வாங்கினாள். 2016-ம் ஆண்டில், 17 வயதில், அமெரிக்காவின் புகழ்பெற்ற எம்.ஐ.டி. அவளைச் சேர்த்துக்கொண்டது.

ஆனால் நம் நாட்டு ஐ.ஐ.டி.யில் அவளால் சேர முடியவில்லை. காரணம், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லை! அவளுக்கு இடம் கொடுத்தது சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகம். அந்தச் சிறுசேரி 2019 வரை நம் காஞ்சீபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது.

அறிவு இருந்தது, சான்றிதழ் இல்லை. அதனால் கதவு மூடிக்கொண்டது. உலகப் பதக்கம் வாங்கிய பெண்ணுக்கே இந்தக் கதி என்றால், நம் வீட்டுப் பிள்ளைக்கு?

என்னென்ன கிடைக்கிறது?

ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் 'என்.பி.டி.இ.எல்.' என்ற பாடத் திட்டத்தைத் தொடங்கின. 2017-ல் மத்திய அரசு 'ஸ்வயம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. இரண்டிலும் கல்லூரிப் பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். வயது தடை இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் கட்டி, பரீட்சை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் ஒரு பட்டப் படிப்பையே இணையத்தில் தொடங்கியது. தகவல்களைக் கணக்கிட்டு ஆராயும் படிப்பு அது. ஜே.இ.இ. பரீட்சை தேவையில்லை. நான்கு வாரம் பாடம் நடத்தி, பிறகு தகுதிப் பரீட்சை வைக்கிறார்கள். பதினோராம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதியவர்களே விண்ணப்பிக்கலாம். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு தேறிய பிறகுதான் படிப்பில் சேர முடியும். ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு.

கம்ப்யூட்டர் படிப்பு நெசவாளர் வீட்டுக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறதே, அதில் ஓட்டை போட்ட அட்டைகள் ஓடுகின்றன. ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. பழைய கம்ப்யூட்டர்களுக்கும் கணக்கைச் சொன்னவை இப்படி ஓட்டை போட்ட அட்டைகள்தாம்.

முதலில் சான்றிதழ்

6 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்பது 2009-ல் வந்த சட்டம். அந்த வயதில் பிள்ளை இருக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம்.

பிறகு ஏதோ காரணத்தால் படிப்பு நின்றுவிட்டதா? மனம் தளர வேண்டாம். தேசிய திறந்தநிலைப் பள்ளி 1989 முதல் நடந்து வருகிறது. 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது முறை எழுத வாய்ப்பு உண்டு. தவறிய பாடத்தை மட்டும் திரும்ப எழுதினால் போதும்.

இந்த இரண்டு படிகளையும் தாண்டிக் குதிக்கக் கூடாது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறாமல், நேராகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009-லேயே அரசு ஆணை வந்துவிட்டது. "பள்ளிப் படிப்பே வேண்டாம், பணம் கட்டினால் பட்டம்" என்று யாராவது ஆசை காட்டினால் ஏமாறாதீர்கள்!

தறியா, பாடமா?

கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்ய, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். அந்தப் பக்கத்து இடத்தில் எத்தனையோ ஆண்டுகள் சிறுவர்களும் சிறுமிகளும் உட்கார்ந்தார்கள். படிப்பை அங்கேயே தொலைத்தார்கள்.

"பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கிறான்" என்ற சொல், அந்தப் பழைய வழக்கத்துக்குப் போர்வையாகிவிடக் கூடாது. கையில் நாடாவும் காதில் பாடமுமாக இருந்தால் இரண்டும் கெடும். இழை அறுந்தால் முடிச்சுப் போடலாம். அறுந்த படிப்பை ஒட்டுவது அவ்வளவு சுலபமல்ல.

1909-ல் இதே ஊரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அண்ணா. குடும்பக் கஷ்டத்தால் படிப்பை நிறுத்தி, நகராட்சியில் குமாஸ்தாவாக வேலை பார்த்தார். ஆனால் அதோடு நின்றுவிடவில்லை. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1934-ல் பி.ஏ. ஆனர்ஸ் பட்டம் பெற்றார். 1967-ல் முதலமைச்சரானார். அவர் கல்லூரிக்காகச் சென்னை போக வேண்டியிருந்தது. இன்று கல்லூரி இங்கே வருகிறது. வந்த விருந்தாளியைத் திண்ணையில் நிறுத்தலாமா?

பெற்றோர்களே! தினமும் இரண்டு மணி நேரம் பிள்ளையின் கைப்பேசியைப் பாடத்துக்கென்றே ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் வேலை சொல்லாதீர்கள். தறிச் சத்தம் இடைஞ்சல் என்றால் நூலகத்துக்கு அனுப்புங்கள். பாடம் உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதில்லை. "இன்று என்ன படித்தாய்?" என்று சாப்பிடும்போது கேளுங்கள், போதும்.

தறியில் உட்காருவதா, வேறு வேலைக்குப் போவதா என்பதைப் பிள்ளை வளர்ந்த பிறகு தானே முடிவு செய்யட்டும். அந்த முடிவை எடுக்கும் நாளில் அவன் கையில், அவள் கையில், சான்றிதழ் இருக்க வேண்டும். அதைத் தருவது பெற்றவர்கள் கடமை.