ரோஜாவுக்குப் பெயர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வானகரம் பக்கம் ஏதாவது ஒரு சாலையோர நர்சரியில் போய் நின்று, "இந்த ரோஜாவுக்குப் பேர் என்னங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ரோஸ் சார்" என்று பதில் வரும். ரோஸ்தான், என்ன ரோஸ்? "ரெட் ரோஸ் சார். மஞ்சள் வேணும்னா அந்தாண்ட இருக்கு." விடாப்பிடியாக நின்றால் டச்சு ரோஸ், பெங்களூர் ரோஸ், பட்டன் ரோஸ், காஷ்மீர் ரோஸ் என்று நாலு வார்த்தை கிடைக்கும். காஷ்மீர் ரோஸ் பாதி நேரம் ஓசூரைத் தாண்டியிருக்காது.

இதே கேள்வியை மாம்பழ வண்டியில் கேட்டுப் பாருங்கள். "மாம்பழம் சார்" என்று எவராவது பதில் சொல்வாரா? பங்கனப்பள்ளி, ரூமானி, செந்தூரா, இமாம் பசந்த், மல்கோவா என்று அடுக்குவார். ரூமானி கேட்டவனுக்கு வேறு எதையோ நிறுத்துக் கொடுத்தால் அங்கேயே சண்டை நடக்கும். வாழைப்பழத்தில் பூவனும் ரஸ்தாளியும் கற்பூரவள்ளியும் தெரியாதவர் நம் வீடுகளில் உண்டா? ஆக, பெயர் கேட்டு வாங்கும் பழக்கம் இல்லாத ஜனம் அல்ல இது. வாய்க்குள் போவதற்கெல்லாம் பெயர் வேண்டும், கண்ணுக்கு மட்டும் போவதற்கு நிறம் போதும் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டோம். அவ்வளவுதான்.

அதனால் என்ன குடி முழுகிவிட்டது என்பீர்கள். முதலில் சில்லறைக் கணக்கைப் பார்ப்போம். ஜனவரியில் மொட்டும் பூவுமாக வாங்கி வந்து மொட்டை மாடியில் வைத்த செடி, மே மாத வெயிலில் குச்சியாகிவிடுகிறது. அதைக் கொன்றது வெயிலா, தண்ணீரா, இல்லை அந்த ரகமே குளிர் ஊருக்கானதா? தெரியாது. அடுத்த வருடமும் அதே "ரெட் ரோஸ்", அதே சாவு. பக்கத்து வீட்டு மாடியில் ஒரு செடி மட்டும் கத்திரி வெயிலிலும் பூத்துத் தள்ளுகிறது. அதையே வாங்கலாம் என்றால் அதன் பெயர் அவர்களுக்கும் தெரியாது.

இன்னொன்று. கடையில் வாங்கும் ரோஜா பெரும்பாலும் ஒட்டுச்செடி. பூவுக்கான ரகத்தின் ஒரு மொட்டை எடுத்து வேறொரு முரட்டு ரோஜாவின் தண்டில் கட்டி வளர்த்தது. மேலே இருப்பது செத்துவிட்டாலும் கீழே இருக்கும் வேர்ச்செடி சாகாது, ஒட்டுக்குக் கீழிருந்து தளிர் விடும். இலை மாறும், பூ சின்னதாகும். "பெருசா பூத்த ரோஜா காட்டு ரோஜாவா மாறிடுச்சு" என்று வீட்டில் ஆச்சரியப்படுவார்கள். மாறவெல்லாம் இல்லை. வாங்கிய செடி போய்விட்டது, வேறொரு செடி அந்தத் தொட்டியில் குடியிருக்கிறது. வாங்கியதன் பெயர் தெரிந்திருந்தால்தானே அது இறந்ததே தெரியும்!

சில்லறைக் கணக்கு போகட்டும். பெரிய கணக்கு மனிதர்களைப் பற்றியது.

பெயருள்ள ரோஜா ரகம் ஒவ்வொன்றும் உண்மையில் ஒரே ஒரு செடி. யாரோ ஒருவர் இரண்டு ரோஜாக்களைக் கலந்து, விதை எடுத்து, முளைத்த நூற்றுக்கணக்கான கன்றுகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்திருப்பார். உலகம் முழுக்க அந்தப் பெயரில் இருப்பதெல்லாம் அந்த ஒற்றைச் செடியிலிருந்து மொட்டு மொட்டாக, குச்சி குச்சியாகப் பிரிந்து போனவை. விதை போட்டால் அதே ரோஜா வராது. வெட்டி ஒட்டுகிறவர் கடைசி ஆளும் நிறுத்திவிட்டால் அந்த ரோஜா உலகத்திலிருந்தே போய்விடும். அதன் மேல் இருக்கும் மனிதரின் பெயரும் கூடவே போகும்.

இங்கிலாந்தில் ஜெஃப் ஹாமில்டன் என்று ஒரு தோட்டக்காரர் இருந்தார். பிபிசியின் 'கார்டனர்ஸ் வேர்ல்ட்' நிகழ்ச்சியை 1979 முதல் 1996-ல் சாகும்வரை நடத்தியவர். (நம் ஊரில் 'வயலும் வாழ்வும்' தொடங்கியதும் எழுந்து போனவர்களே அதிகம். அங்கே இவரைப் பார்ப்பதற்கென்றே உட்கார்ந்தார்கள்.) காசில்லாதவனும் தோட்டம் போடலாம், கரிச்சதுப்பு நிலத்தைத் தோண்டித்தான் தொட்டியை நிரப்ப வேண்டும் என்பதில்லை என்று வாராவாரம் மண் கையோடு வந்து சொன்னவர். அவர் இறந்த மறு வருடமே டேவிட் ஆஸ்டின் என்ற ரோஜா வளர்ப்பாளர் தன் புதிய இளஞ்சிவப்பு ரோஜா ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார். அந்த ரோஜா விற்கும்போதெல்லாம் கூடவே அட்டையில் பெயரும் போகிறது. ஹாமில்டனைத் தொலைக்காட்சியில் பார்த்தே இராத ஒரு பெண் அந்தச் செடியை வாங்கி, 'யார் இந்த ஆள்?' என்று கேட்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. அந்த வாய்ப்பைத் தருவது அந்த அட்டைதான்.

இப்போது வானகரத்துக்குப் பக்கத்து ஊருக்கு வருவோம். மதுரவாயல்.

பைபாஸ் மேம்பாலமும் லாரிச் சத்தமும்தான் அந்தப் பெயரைக் கேட்டதும் ஞாபகம் வரும். அங்கே சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்துக்கு ஒரு கள ஆய்வகம் இருந்தது. 1970-ல் சென்னைக்கு வந்து சேர்ந்த ஒரு அம்மாள், 1984 பிப்ரவரியில் இறக்கும்வரை அங்கேயே தங்கி, அங்கேயே மூலிகை வளர்த்து, அங்கேயே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவர் எடவலத் கக்காட் ஜானகி அம்மாள்.

1897-ல் தலச்சேரியில் பிறந்து, சென்னை ராணி மேரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1931-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பை மக்காச்சோளத்தோடும் வேறு புல்லினங்களோடும் கலந்து பார்த்தவர். உலகப் போர் நடந்த வருடங்களில் லண்டனில், ஜான் இன்ஸ் நிலையத்தில் வேலை. 1945-ல் டார்லிங்டனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு, துறைக்காரர்கள் தேடி எடுக்கும் புத்தகமானது. பிறகு விஸ்லி தோட்டத்தில் மாக்னோலியா நாற்றுகளுக்குக் கால்சிசின் கொடுத்துக் குரோமோசோமை இரட்டிப்பாக்கினார். (கால்சிசின் நம் செங்காந்தளிலும் இருக்கிறது, அது வேறு கதை.) அதில் வந்த ஒரு மரம், வெள்ளை இதழும் ஊதா மகரந்தத் தாளுமாக, இன்றும் அவர் பெயரோடு இருக்கிறது. 1951-ல் நேருவின் அழைப்பில் திரும்பி வந்து இந்தியத் தாவர ஆய்வகத்தைச் சீரமைக்கும் வேலை. எண்பது வயதுக்குப் பிறகும் சைலண்ட் வேலியில் அணை கூடாது என்றவர்களோடு நின்றார். அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது 1984 நவம்பரில். பார்க்க அவர் இல்லை.

2018-ல் கொடைக்கானலில் வாழ்ந்து ரோஜா உருவாக்கிவந்த விராராகவன், கிரிஜா தம்பதி, தங்கள் புதிய ரோஜா ஒன்றுக்கு 'ஈ. கே. ஜானகி அம்மாள்' என்று பெயர் வைத்தார்கள். இவர்கள் யாரோ எவரோ அல்ல. ஐஏஎஸ் வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு ரோஜாவுக்குப் போனவர் விராராகவன். வெப்ப ஊர்களில் தாக்குப்பிடிக்கும் ரோஜா வேண்டும் என்பதற்காக, ஐரோப்பியக் குளிர் ரோஜாக்களோடு நிற்காமல், வங்கத்துச் சதுப்பில் நிற்கும் கிளினோஃபில்லா, மணிப்பூர் மலையில் ஏறிக் கிடக்கும் ஜைகான்டியா போன்ற நம் காட்டு ரோஜாக்களைக் கொண்டுவந்து கலந்தார்கள். அதாவது, வானகரத்து மாடியில் மே மாதம் சாகிற ரோஜாவுக்கு மாற்று தேடத்தான் இரண்டு பேர் வாழ்நாளைச் செலவிட்டார்கள். பேச்சே அதைப் பற்றித்தான்!

அந்த ரோஜாவே ஒரு நாள் வானகரத்து நர்சரிக்கு வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? கறுப்புப் பாலிதீன் பையில், அட்டை இல்லாமல், மற்றவற்றோடு வரிசையில் நிற்கும். கேட்டால் "ரோஸ் சார்". தான் வேலை செய்து, தான் இறந்த ஊருக்குப் பக்கத்திலேயே அந்த அம்மாள் இரண்டாம் முறை பெயரில்லாமல் போவார்.

"பெரிய விஞ்ஞானிக்குப் போய் ஒரு பூவா? பெண் என்றால் உடனே பூவா?" என்று ஒரு கட்சி உண்டு. கோபம் நியாயமானது. ஆனால் அவர் பெயரில் ஜம்முவில் ஒரு உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் தாவர வகைப்பாட்டு விருதும் இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்? கல்வெட்டை யாரும் பார்க்காவிட்டாலும் கல்வெட்டு இருக்கும், அதனாலேயே யாரும் பார்ப்பதில்லை. ரோஜா அப்படி இல்லை. வருடா வருடம் யாராவது ஒட்டுக் கட்டினால்தான் உண்டு. தவிர, செடியின் உயிரணுவுக்குள் குரோமோசோம் எண்ணியவருக்குச் செடியைத் தவிர வேறு எதை அலங்காரமாகக் கொடுப்பது?

பெயரெல்லாம் வெள்ளைக்காரன் வியாபாரத் தந்திரம் என்று சொல்லும் இன்னொரு கட்சிக்கு நம் பூக்கடையிலேயே பதில் இருக்கிறது. மாலைக்கும் குல்கந்துக்கும் போகும் அந்த வாசமான இளஞ்சிவப்பு ரோஜா, பலர் பன்னீர் ரோஸ் என்பது. விவசாயிகளும் வேளாண் பல்கலைக்கழகமும் அதை எட்வர்ட் ரோஸ் என்கிறார்கள். எந்த எட்வர்ட்? இங்கிலாந்து ராஜா என்று நினைத்தவர்கள் ஏமாறலாம். இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எதுவார் பெரிஷோன் என்ற தோட்டக்காரரின் நிலத்தில் வேலியாக நின்ற ரோஜா அது என்று ரோஜா வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்த எதுவார்தான் நம் வாயில் எட்வர்ட். இருநூறு வருடம் கழித்து, கடல் தாண்டி, ஒரு வேலிக்காரரின் பெயர் தமிழ்நாட்டுப் பூ மண்டிகளில் இன்னும் ஓடுகிறது. சிலை வைத்ததால் அல்ல. குச்சி நட்டவர்கள் பெயரையும் சேர்த்து நட்டதால்.

எல்லாப் பழியையும் நர்சரிக்காரர் தலையில் போடுவதும் தப்பு. அவருக்கே செடி வரும்போது பெயர் வருவதில்லை. மொத்தமாக ஒட்டுக் கட்டி லாரியில் ஏற்றுகிற இடத்திலேயே பெயர் கழன்றுவிடுகிறது. ரகத்தை உருவாக்கியவருக்கு உரிமை உண்டு என்று 2001-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அட்டையே இல்லாத செடியில் எவர் உரிமையை எவர் தேடுவது? வாங்குகிறவர் கேட்டால் கடைக்காரர் மொத்த வியாபாரியைக் கேட்பார். வாங்குகிறவர் கேட்பது "நாளைக்குப் பூக்குமா?" என்பது மட்டும்தான்.

ஆக, அடுத்த முறை செடி வாங்கும்போது பெயரைக் கேளுங்கள். தெரியாது என்றால் இன்னொரு கடையில் கேளுங்கள். தெரிந்தால் பழைய பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு பட்டை வெட்டி, பென்சிலால் எழுதி, தொட்டியில் செருகுங்கள். பேனாவால் எழுத வேண்டாம், மை இரண்டு மாத வெயிலில் வெளுத்துவிடும். பென்சில் எழுத்து நிற்கும்.