தந்தையென்பார் எவர்க்கு எழுதினார்?

சட்டக் கல்லூரியிற் பயிலும் நம் இளைஞரை நிறுத்தி, 'பன்னாட்டுச் சட்டத்தின் தந்தை யார்?' என்று கேட்டுப் பாருங்கள். 'ஊகோ குரோசியசு' என்று மூச்சுவிடாமற் சொல்வார்கள். போரும் அமைதியும் பற்றி 1625-இல் அவர் வெளியிட்ட பெருநூலின் பெயரை இலத்தீனிலேயே ஒப்பிக்கவும் செய்வார்கள். அடிப்படைப் பாடம் அத்துடன் முடிந்துவிடும். அத் தந்தையார் முதன்முதல் எவர்பொருட்டு எழுதுகோலை எடுத்தார் என்று கேட்பாரும் இலர். கேட்கக் கற்பிப்பாரும் இலர்.

நாம் சொல்லுகின்றோம். 1603-இல் சிங்கப்பூர்க் கடலிடுக்கில், 'சாந்தா காத்தரீனா' என்னும் போர்த்துக்கேயப் பெருங்கலத்தை ஏமுசுகெர்க்கு என்னும் ஒல்லாந்தக் கப்பல்தலைவன் மடக்கிப் பிடித்தான். அதன் சரக்கு ஆம்சுடர்டாமில் விலைபோயிற்று. 30 நூறாயிரம் கில்டருக்கு மேல் கிடைத்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினி தோன்றி ஓராண்டுகூட நிரம்பாத காலம் அது. பறித்த பொருளை உரிமைப் பொருளாக்க ஒரு வழக்குரைஞர் வேண்டியிருந்தது. இருபத்தோரகவை இளைஞர் குரோசியசு முன்வந்தார். கொள்ளைப் பொருளின் உரிமை பற்றி அவர் எழுதியவற்றுள் ஓர் இயல் மட்டும் 1609-இல் 'கட்டற்ற கடல்' என்னும் பெயரில் வெளிவந்தது. முழுக் கைப்படியையோ 1864 வரை உலகம் காணவில்லை!

சாவகத்தார்க்கும் ஈழத்தார்க்கும் தமக்கென அரசரும் ஆட்சியும் சட்டமும் உண்டு. 'நாங்களே கண்டுபிடித்தோம்' என்று போர்த்துக்கேயர் அந்நிலங்களுக்கு உரிமை பேசுதல் ஒவ்வாது என்பது அவர் வழக்கு. நல்ல வழக்குத்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால், 1613-இல் இலண்டனில் நடந்ததென்ன? நறுமணப் பொருள் விளையும் தீவுகளில் தமக்கும் வணிகவுரிமை வேண்டுமென்று ஆங்கிலேயர் அதே 'கட்டற்ற கட'லை எடுத்துக் காட்டினர். 'தீவரசர் எமக்கு மட்டுமே விற்பதாக உடன்படிக்கை செய்துள்ளனர். உடன்படிக்கையை மீறலாகாது' என்று ஒல்லாந்தர் பக்கம் நின்று வழக்காடியவர் யார்? குரோசியசே! கடல் கட்டற்றது, கிராம்பு மட்டும் கட்டுண்டது போலும்!

1658-இல் அதே கும்பினி யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. மண்ணுக்குரியவரிடம் திருப்பிக் கொடுக்கவா? குரோசியசு இறந்து பதின்மூன்றாண்டு ஆகியிருந்தமையால் அவரைக் கேட்க வழியில்லை. தமக்கென அரசர் உண்டென்று அவர் எழுதிய ஏடு மட்டும் இருந்தது.

இது பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். பன்னாட்டு முறைமன்றச் சட்டத்தின் 38-ஆம் பிரிவைப் புரட்டுங்கள். 'நாகரிகம் அடைந்த நாடுகள்' ஏற்ற பொதுநெறிகள் என்னும் தொடர் இன்றும் அங்கே நிற்கின்றது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பெரும்பகுதி அடிமைப்பட்டுக் கிடந்த 1920-இல் வகுத்த தொடர். 1945-இலும் அதை அகற்றினாரில்லை. 1969-இல் இலெபனான் நாட்டு நடுவர் புவாது அம்மூன் அம்மன்றத்திலிருந்தே அதைக் கண்டித்தெழுதினார்.

அவ்வாறாயின் இச்சட்டத்தைக் கற்கவே வேண்டாவா? வேண்டும், முன்னினும் கூர்மையாகக் கற்கவேண்டும். 1965-இல் மொரிசியசிலிருந்து பிரித்தெடுத்த சாகோசுத் தீவுகளைப் பிரித்தானியா ஆண்டது முறையன்று என்று 2019-இல் அதே முறைமன்றம் பதின்மூவருக்கு ஒருவராகக் கருத்துரைத்தது. வல்லார் செய்த கருவியை எளியார் கையிலெடுத்த வழக்கு அது. செய்தவன் யார், எதற்குச் செய்தான் என்றறிந்தவர்க்கே அது கைவரும்.

அங்ஙனம் அறிதற்குத் தொலைதூரம் போகவேண்டியதில்லை. போலந்து வழிவந்த அலெக்சாண்டரோவிச்சு என்னும் பேராசிரியர் 1950-களில் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டுச் சட்டம் கற்பித்தார். இந்தியப் பெருங்கடல் துறைமுகங்களில் பன்னாட்டு வணிகரும் தடையின்றி வந்துபோன வழக்கத்திலிருந்தே குரோசியசின் கடலுரிமைக் கருத்து வலுப்பெற்றது என்று காட்டி, கிழக்கிந்திய நாடுகளின் சட்ட வரலாற்றை 1967-இல் நூலாக்கினார். குரோசியசின் பிறந்த ஊர் வரை ஒப்பிக்கும் நம் இளைஞர், நம் கடற்கரைக்கு எதிரே அமர்ந்து கற்பித்த இவர் பெயரையும் கேட்டிருக்க வேண்டாவா? அடுத்த பருவத்துப் பாடத்தை அந்நூலிலிருந்து தொடங்குமாறு உங்கள் பேராசிரியரைக் கேளுங்கள்.